பிரகிருதியும் கலாசாலையும்

மானிட வர்க்கத்தை வாதம், பித்தம், சிலேத்துமம் என்னும் தோஷங்களால் வகுத்து, இன்ன தேகத்துக்கு இன்ன பத்தியம் என்று விதித்த நம் வைத்தியப் பெரியோர், இன்ன தேகிக்கு இன்ன கலாசாலை என்று விதிக்காமற் போனது சாஸ்திரத்துக்கு நேர்ந்த பெருங்குறையே ஆகும். அமெரிக்க தேசத்தில் 'லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்' என வழங்கும் சிறு கலாசாலைகள், பெரும்பாலும் இரண்டாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளோடு, தத்துவத்தையும் பௌதிகத்தையும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் போதித்துக்கொண்டு, நாடெங்கும் சிதறிக் கிடக்கின்றன. பதினேழு வயதுப் பிள்ளையோ, தன் சுபாவத்துக்கு ஏற்றது எதுவென்று அவற்றின் விவரணப் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டிக் கண் பூத்துப்போகிறான். அவன் பொருட்டே இவ்வாராய்ச்சி.

பூர்வபட்சிகள் கூறுவதாவது: இனம் இனத்தோடு சேர்வதே இயற்கை. ஆகவே, நின்ற இடத்தில் நில்லாத வாத சரீரி கொலராடோ காலேஜுக்குப் போகக் கடவன். அங்கே 1970 முதல் ஒரு பாடத்தை மூன்றரை வாரத்தில் முடித்துக்கொண்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள். எடுத்ததற்கெல்லாம் எதிர்வழக்காடும் பித்த சரீரிக்கு அன்னபோலிஸ் நகரத்துச் செயின்ட் ஜான்ஸ் காலேஜ். பிளேட்டோ, யூக்ளிட் முதலியோரின் கிரந்தங்களையே எல்லோரும் வாசித்து, வாரத்தில் இரண்டு இரவுகள் மேஜையைச் சுற்றி அமர்ந்து விவாதிப்பது அங்கே 1937 முதல் நடந்துவரும் முறை. உண்ட மயக்கம் தீராத சிலேத்தும சரீரிக்கு ஆரிகன் மாகாணத்து ரீட் காலேஜ். படிப்பு படுமோசமாகாத வரையில், தானாகப் போய்க் கேட்டாலன்றி, இன்ன மதிப்பெண் என்று சொல்லி அவனுடைய நித்திரையை அங்கே ஒருவரும் கலைப்பதில்லை.

இனி, சித்தாந்தம். மேற்கூறியது செவிக்கு இனிதாயினும் சோதனைக்கு நில்லாது. தாவலாம் என்று கொலராடோ சென்ற வாதக்காரனுக்கு, மூன்றரை வாரமும் விடிந்தால் அதே பாடம், அதே ஆசிரியர், அதே முகங்கள். சலித்தால் ஒதுங்குவதற்கு வேறொரு வகுப்பு கிடையாது. வாதாடலாம் என்று அன்னபோலிஸ் சென்ற பித்தக்காரனோ, அவனுடைய ஆசிரியர்களெல்லாம் ஒன்றுகூடி, அவன் எதிரிலேயே, அவன் அவ்விடத்தில் இல்லாதது போலப் படர்க்கையில் வைத்து, 'இவர் பிறர் பேச்சைக் காதில் வாங்குவதில்லை' என்கிற பாவனையில் அபிப்பிராயம் பரிமாறிக்கொள்ளும் அந்தச் சடங்கில், அவர்கள் முடிக்குமட்டும் வாய் பொத்தி உட்கார்ந்திருந்து, அப்புறமே தன் பதிலைச் சொல்லவேண்டியவனாகிறான். உறங்கலாம் என்று ரீட் சென்றவனுக்கோ, கடைசி வருஷம் முழுவதும் உழைத்து ஓர் ஆராய்ச்சி நூல் எழுதி, அதன்மேல் வாய்மொழிப் பரீட்சைக்கும் நின்றாலன்றிப் பட்டமில்லை. ஆக, மூன்றும் வெல்லத்தில் பொதிந்த வேப்பிலை உருண்டைகளே. சுபாவத்துக்குப் பொருந்துவது போல அழைத்து, வந்தபின் அந்தச் சுபாவத்தோடு பொருதும் கலாசாலையே உத்தமமானது என்பது இதனால் பெறப்படும்.

வெல்லம் சிறிதுமின்றி மருந்தைக் கொடுக்கும் கலாசாலையும் உண்டு. மின்சாரத் தொழிலில் பொருளீட்டிய நன் என்பவர் 1917-இல் கலிபோர்னியாவின் கிழக்கோரப் பாலைவனப் பள்ளத்தாக்கு ஒன்றில் நிறுவிய டீப் ஸ்பிரிங்ஸ் காலேஜில், சுமார் முப்பதே மாணாக்கர், படிப்பு இரண்டே வருஷம், சம்பளம் கிடையாது. அதற்கு ஈடுபோல், வாரத்துக்கு இருபது மணி நேரம் மேனி வருந்த உழைக்கவேண்டும். இருள் பிரியுமுன் எழுந்து கொட்டிலில் பால் கறந்தும், குதிரைமசால் வயலுக்கு நீர் பாய்ச்சியும், பண்ணைக் கோலத்தோடு வகுப்புக்கு வருகிறவனிடம் எந்தத் தோஷம் எஞ்சி நிற்கும் என்பதைப் பண்டிதர்கள்தாம் கூறவேண்டும்.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழும். இத்தனை பேரும் கலாசாலையைத் தேர்ந்தெடுப்பதாகப் பேசுகிறோமே, உண்மையில் நாடி பார்க்கப்படுவது யாருக்கு? வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்றவற்றில் இக்காலத்தில் விண்ணப்பிப்போரில் பத்தில் ஒருவருக்கு இடம் கிடைத்தாலே பெரிது. டீப் ஸ்பிரிங்ஸிலோ, விண்ணப்பங்களைப் படித்து ஆளைத் தெரிந்தெடுக்கும் குழுவில் மாணாக்கரே அமர்கின்றனர். அதாவது, தனக்கேற்ற வைத்தியசாலை இதுவென்று தேடி வந்த நோயாளி, தன் நோய் இன்னதென்று தெளியுமுன்பே, அடுத்த வருஷத்து நோயாளிகளுக்கு நாடி பார்க்க உட்கார்ந்துவிடுகிறான். அவன் கணிப்பு பிசகுவதாகவும் தெரியவில்லை.