மான் மேயாத தோட்டம்

டெக்சாஸிலிருந்து மைத்துனர் விடுமுறைக்கு வந்தால் திருகோணமலைக்குப் பக்கத்துக் கப்பல்துறையிலுள்ள வாத்தியார் வீட்டில் வழக்கமாகக் கலங்குவது சமையலறைதான். இம்முறை கலங்கியவர் வாத்தியார். கோயிலும் கடலும் பார்த்து முடிந்த மூன்றாம் நாள் காலை, தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே மைத்துனர் கேட்டார்: "அத்தான், சனமில்லாத ஒரு தோட்டம், வெளியில வைச்ச ஒரு நல்ல சிற்பம், இப்பிடி ஒண்டும் உங்கட பக்கம் இல்லையோ?"

கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற மனிதரிடம் தோட்டம் கேட்டால் அவர் என்ன செய்வார்? பின்வளவைக் காட்டினார். அங்கே ஒரு முருங்கையும், பக்கத்து வீட்டுக் கோழிகளும், 2004இல் வாங்கிப் பழுதான ஒரு தண்ணீர்ப் பம்பும் இருந்தன. மைத்துனர் பம்பைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. போன வருடம் அவர் மார்ஃபாவுக்குப் போயிருந்தார். டெக்சாஸின் மேற்குக் கோடியில் பாலைவனத்து ஓரமாகக் கிடக்கும் சிற்றூர் அது. டொனால்ட் ஜட் என்ற சிற்பி 1970களில் நியூயோர்க்கை விட்டு அங்கே குடிபோனார். கைவிடப்பட்ட இராணுவ முகாம் ஒன்றின் பீரங்கிக் கொட்டகைகளுக்குள் 100 அலுமினியப் பெட்டிகளை வரிசையாக வைத்தார். வெளியே புல்வெளியில் 15 கொங்கிரீட் தொகுதிகளை நிறுத்தினார். பெட்டிகளுக்கு வெளியளவு ஒன்றே, உள்ளமைப்பு மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. நாள் முழுக்கக் கார் ஓட்டிப் போய், டிக்கெற் எடுத்து அவற்றைப் பார்த்த பரவசம் மைத்துனருக்கு இன்னும் தணியவில்லை. கைபேசியில் படங்களைக் காட்டினார்.

"பெட்டிக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார் வாத்தியார்.

"ஒண்டும் இல்லை அத்தான். அதுதான் விஷயமே."

வாத்தியார் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் 100 என்ற எண்ணை மட்டும் மனதில் குறித்துக்கொண்டார். ஏன் என்பது பிறகு வரும்.

முறைப்படி பார்த்தால் தேடல் தொடங்கும்போதே முடிந்திருக்க வேண்டும். தேசிய தாவரவியல் பூங்காத் திணைக்களத்தின் பெரிய பூங்காக்கள் ஐந்து. பேராதனைக்கு வயது இருநூறைத் தாண்டிவிட்டது. அது 1821இல் தொடங்கியது. ஹக்கல 1861, கம்பஹா 1876. இந்த நூற்றாண்டில் மிரிஜ்ஜவிலவும் சீதாவாக்கையும் சேர்ந்தன. ஐந்தில் ஒன்றுகூட வடக்கிலோ கிழக்கிலோ இல்லை. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றைக் கடவுள் தந்த ஊருக்குப் பூங்கா வேறு எதற்கு என்று கொழும்பு நினைத்திருக்கலாம். வாத்தியார் விடவில்லை. தெரிந்த ஓட்டோக்காரரைக் கூப்பிட்டார்.

நகருக்குள் போனதும் முதல் பாடம் கிடைத்தது. திருகோணமலையில் தோட்டம் வைப்பதற்குத் தடை வெயில் அல்ல, உப்புக் காற்றும் அல்ல, மான். பிரட்றிக் கோட்டைக்குள்ளும் அதை ஒட்டிய கடற்கரை வெளிகளிலும் புள்ளிமான்கள் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. காட்டில் சருகு அசைந்தாலே பாய்ந்தோடும் அதே இனம், இங்கே பஸ் ஹோர்ன் அடித்தாலும் தலையை நிமிர்த்துவதில்லை. அருச்சனைத் தட்டிலுள்ள வாழைப்பழத்தில் ஐயருக்கு அடுத்த உரிமை தமக்கே என்பது அவற்றின் நிலைப்பாடு. ஒரு வீட்டு மதிலுக்கு மேலாகச் செவ்வரத்தை எட்டிப் பார்த்தால், அந்த மதிலுக்குக் கீழே ஒரு கிளைக்கொம்பன் காத்திருக்கும். பூச்செடி வைத்தவர் கம்பிவலை அடிக்கிறார். மான் அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகக் கேற் திறக்கும் நேரத்தைப் படித்து வைத்திருக்கிறது. பழத்தோடு பொலித்தீன் பையையும் விழுங்கி அவை செத்துப் போகின்றன என்பதில் மட்டும் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

கோட்டை வாசலிலேயே மைத்துனர் ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். வாசற் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் செதுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். போர்த்துக்கீசர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்தார்கள்; இரண்டு வருடம் கழித்து அந்தக் கற்களாலேயே கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர் அதைத் திருத்தினர். ஆங்கிலேயர் 1803இல் தங்கள் அரசரின் மகன் பெயரை அதற்கு வைத்தனர். ஆக, கோயிலை இடித்துக் கோட்டையாக்கி, கோட்டைக்குள் மான் விட்டு, மானுக்கு நடுவே திரும்பவும் கோயிலுக்குப் பாதை போட்ட ஊர் இது. வெளியில் வைத்த சிற்பம் வேண்டுமென்றால் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கலாம். நிற்க விடமாட்டார்கள், பின்னால் யாத்திரை பஸ் வந்துவிட்டது.

கோயில் இருக்கும் சுவாமி மலையின் உச்சியில், இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில், செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஒரு மரம். அதன் கிளையெங்கும் பிள்ளை வரம் கேட்டவர்கள் கட்டிய சின்னஞ்சிறு மரத்தொட்டில்கள், துணி முடிச்சுகள். கீழே முந்நூறு அடிக்கு மேல் வெறும் காற்று, அதற்கும் கீழே கடல். கடற்காற்று வீசும்போது அத்தனை தொட்டிலும் ஒன்றாக ஆடுகின்றன. மைத்துனர் உருகிவிட்டார். "அத்தான், இது இன்ஸ்டலேஷன் ஆர்ட்! அமெரிக்காவில இதுக்கு ஒரு மில்லியன் டொலர் குடுப்பாங்கள்."

"இஞ்ச ஒரு பிள்ளை கிடைச்சாப் போதும் எண்டுதான் கட்டுறாங்கள்" என்றார் வாத்தியார்.

கலை கிடைத்துவிட்டது, அமைதிதான் இல்லை. ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு. நடைபாதைக் கடைகளில் விசில் ஊதும் பொம்மை.

அதே பாறையில் ஒரு காதல் கதையும் உண்டு. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது பிடிக்கும். பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண், காதலன் கப்பலேறிப் போய்விட்டதைக் கண்டு இந்த மலையிலிருந்து குதித்தாள் என்பது கதை. பழைய கோயில் தூண் ஒன்றில் அவள் பெயரும், 1687 ஏப்ரல் 24 என்ற தேதியும் ஒல்லாந்த மொழியில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் ஆவணங்களைத் தோண்டியவர்கள் பொல்லாதவர்கள். அந்தப் பெண் பின்னர் கல்யாணம் கட்டி நலமாக இருந்தாள் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். வழிகாட்டிகள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை, செத்தவளுக்குத்தான் கைதட்டு.

வாத்தியாருக்கு இதில் பிடித்தது வேறொன்று. பிரான்சினாவின் வளர்ப்புத் தந்தை என்று அறியப்படுபவர் ஹென்ட்ரிக் வான் ரீட். கொச்சியில் ஒல்லாந்த ஆளுநராக இருந்தபோது, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் உள்ளிட்டோரின் அறிவைச் சேர்த்து, மலபார்க் கரையின் எழுநூற்றுச் சொச்சம் செடிகொடிகளைப் படத்தோடு எழுதவைத்தவர். 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை அம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. தாவரவியல் பூங்கா இல்லாத ஊரில், உலகம் மதிக்கும் தாவர நூலைத் தந்தவரின் மகள் பெயர் மட்டும் ஒரு கல்லில் இருக்கிறது. கொடுப்பினை அவ்வளவுதான்.

"சிலை வேணுமெண்டால் டவுனுக்குள்ள பாப்பம்" என்று மைத்துனர் ஆரம்பித்தபோது, ஓட்டோக்காரர் கண்ணாடியில் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் வெளியே பார்த்தார். இந்த ஊரில் சிலையும் அமைதியும் ஒரே வாக்கியத்தில் வருவதில்லை. 2005 மே மாதத்தில் நகரின் நடுவே ஓர் இரவில் முளைத்த புத்தர் சிலைக்காகக் கடைகள் நாட்கணக்கில் பூட்டிக் கிடந்தன. 2019 கடைசியில் நாடெங்கும் ஒரு சுவரோவியக் காய்ச்சல் அடித்தபோது, இளைஞர்கள் கிடைத்த மதிலிலெல்லாம் யானையும் மீனும் வீரர்களும் வரைந்தார்கள். அதிலும் யாருடைய வீரர், எந்த ஊர்ச் சுவரில் என்ற கேள்வி வந்தது. மீன் மட்டுமே யாருடைய மனத்தையும் புண்படுத்தாமல் தப்பியது.

ஆகவே ஓட்டோ நிலாவெளி வீதியில் திரும்பியது.

சாம்பல்தீவுப் பக்கம் இருக்கும் பிரித்தானியப் போர் மயானத்தைத் தோட்டம் என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். போய்ப் பார்த்தவர்கள் சுளிக்கமாட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 300க்கும் மேற்பட்டவர்கள் அங்கே வரிசையாக உறங்குகிறார்கள். அதிகாரிக்கும் கடைநிலை மாலுமிக்கும் ஒரே மாதிரிக் கல். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதே நாளில் 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அந்தக் காலத்துப் பையன்கள்தான் இங்கே இருப்பவர்களில் பலர். புல் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. நம்முடைய அரச அலுவலகங்களில் புல் என்றால் ஒன்று காடு, இல்லாவிட்டால் கட்டாந்தரை. ஒரே உயரப் புல்லைப் பார்த்து ஓட்டோக்காரரே செருப்பைக் கழற்றிவிட்டார்.

மைத்துனர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். தேடிய தோட்டம் இதுதான் என்று சொல்லிவிட்டார். "ஆனா அத்தான், ஆளுகளோட கதைக்க முடியாத இடமாத்தான் இஞ்ச அமைதி இருக்கு."

நகருக்குள் கடற்கரையோரம் இன்னொரு பழைய மயானம் இருக்கிறது. அங்கே சார்ள்ஸ் ஆஸ்டின் என்ற கடற்படைத் தளபதி கிடக்கிறார். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் கடைசித் தம்பி. பர்மாப் போருக்குப் போய் 1852 ஒக்டோபரில் கொலராவில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். அக்காவின் நாவல்களில் கடற்படை மாப்பிள்ளைமார் அத்தனை பேரும் கரைசேர்ந்து கல்யாணம் கட்டுகிறார்கள். சொந்தத் தம்பிக்கு வாய்த்தது திருகோணமலை. பேர்சி மோல்ஸ்வேர்த் என்ற இராணுவப் பொறியியலாளரும் இந்த ஊர் மண்ணில்தான். வேலை நேரம் போக இரவெல்லாம் தொலைநோக்கியில் வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். 1908 நத்தார் தினத்தில் இங்கேயே இறந்தார். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு பெரும்பள்ளத்துக்கு அவர் பெயர். இங்கே ஓர் ஒழுங்கைக்காவது அந்தப் பெயர் இருப்பதாக வாத்தியாருக்குத் தெரியாது.

பெரியகுளத்துப் பக்கம் வெல்கம் விகாரையையும் எட்டிப் பார்த்தார்கள். சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி அது. தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. செங்கல், வெயில், தும்பி. வேறு ஆளில்லை. கூட்டம் சேராதவரை அங்கே போய்விட்டு வருவது நல்லது.

ஒலிபெருக்கி எட்டாத கலைக்கூடம் இன்னொன்றும் இந்த ஊரில் உண்டு, அது கடலுக்கடியில். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் சுழியோடி, இடிந்து விழுந்த கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். இப்போதும் சுழியோடிகள் போகிறார்கள். மைத்துனர் ஆசைப்பட்டார். வீட்டிலிருந்து அவருடைய அக்கா தொலைபேசியில் ஒரே வார்த்தை சொன்னார். அந்தத் திட்டம் அதோடு முடிந்தது.

திரும்பும் வழியில்தான் வாத்தியார் தன் 100ஐ எடுத்தார். கப்பல்துறைக்குப் பக்கத்துச் சீனக்குடாவில், 800 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டுக்குள், ஆங்கிலேயர் தங்கள் கப்பற்படைக்காகக் கட்டிவைத்த எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. அழிந்தவை போக மிஞ்சியவை 99. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, வட்ட வடிவம், பெரும்பாலும் துரு ஏறிய இரும்பு. ஒவ்வொன்றும் 10,000 தொன் கொள்ளும். பலவற்றை ஆலும் கொடியும் சுற்றிப் பிடித்திருக்கின்றன. பழைய இராணுவச் சொத்து, வரிசை, ஒரே வெளியளவு. "உங்கட மார்ஃபாக்காரனுக்கு 100. எங்களுக்கு ஒண்டுதான் குறைவு. பலதுக்கு உள்ளுக்கும் ஒண்டும் இல்லை" என்றார் வாத்தியார். முதல்முறையாக மைத்துனர் பதில் பேசவில்லை.

வித்தியாசம் என்னவென்றால், ஜட்டின் பெட்டிகளுக்காக இரண்டு நாடுகள் ஒப்பந்தம் எழுதவில்லை. இந்தத் தாங்கிகள் 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலேயே வந்துவிட்டன. 2003இல் குத்தகை, 2022 ஜனவரியில் மறுபடி ஒப்பந்தம்: 14 இந்தியத் தரப்பான லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு. கூட்டிப் பார்த்தால் 99 சரியாக வருகிறது. கணக்கு வாத்தியார் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். உள்ளே போய்ப் பார்க்க அனுமதி வேண்டும். வீதியோரம் நின்று எட்டிப் பார்ப்பதற்கு மட்டும் இன்னும் யாரும் வரி போடவில்லை.

அந்தக் கூட்டலுக்குள் வராத தாங்கி ஒன்று காட்டுக்குள் கிடக்கிறது. 1942 தாக்குதலில் ஜப்பானிய விமானம் ஒன்று வந்து மோதி எரிந்தது என்று சொல்லப்படும் அது, உருகி மடிந்து, எந்தச் சிற்பியும் திட்டமிட்டு வளைக்க முடியாத கோலத்தில் நிற்கிறது. 99ஐயும் பங்கு பிரித்த மூன்று தரப்பாருக்கும் கப்பல்துறை வாத்தியாரின் விண்ணப்பம் ஒன்றுதான்: மற்றவற்றுக்கு வெள்ளை அடியுங்கள், எண்ணெய் நிரப்புங்கள், இலாபம் பாருங்கள், எரிந்துபோன அந்த ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு நிறுத்துக் கொடுத்துவிடாமல் அப்படியே விட்டு, பக்கத்தில் உட்கார ஒரு வாங்கு போட்டுத் தாருங்கள்.