பார்மட் அடித்த காலமும் பூட்டு விழுந்த காலமும்

2000-களின் தொடக்கத்தில் நாமக்கல், ராசிபுரம் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போகிறவன் பையில் கட்டாயம் இருந்த சாமான் 1.44 எம்.பி. கொள்ளும் ஒரு பிளாப்பி. அதில் மெஷினை எழுப்பி, கறுப்புத் திரையில் எஃப்டிஸ்க், பார்மட் என்று அடித்துவிட்டு விண்டோஸ் 98 சிடியைப் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிடும். கோழிப்பண்ணைக்காரருக்கும் அதுதான் பிடிக்கும்.

"எதுக்குங் தம்பி நோண்டிக்கிட்டு? பார்மட் அடிச்சுப் போடுங்க."

"உள்ள என்னங்கண்ணா இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க, கணக்குத்தான்."

அந்தக் கணக்கில்தான் அவருடைய தொழில் முழுக்க இருந்தது. எந்த லோடு எந்தக் கடைக்குப் போனது, தீவனக்காரருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் அதற்குள். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலை அடிக்கடி மாறும். அன்றைய விலையும் அன்றைய லோடும் சேர்ந்த பதிவு போய்விட்டால் வரவேண்டிய பணத்தைக் கேட்கக்கூட ஆதாரம் இல்லை. டாலி என்ற கணக்கு மென்பொருள் அதையெல்லாம் சி டிரைவில், தன் சொந்த போல்டருக்குள் வைத்திருக்கும். நாங்கள் துடைப்பதும் சி டிரைவைத்தான். 'முக்கியமானதை டி டிரைவில் வையுங்கள்' என்று எல்லா மெக்கானிக்கும் சொன்னோம். ஆனால் ஜனங்கள் கண்ணுக்குத் தெரியும்படி டெஸ்க்டாப்பில் வைத்தார்கள். டெஸ்க்டாப் இருப்பதும் சி டிரைவில்தான் என்பது திரையைப் பார்த்தால் தெரியாது.

கரண்ட் போனால் விண்டோஸ் 98 அடுத்த தடவை எழும்போது ஸ்கேன்டிஸ்க் ஓட்டும். எந்த பைலைச் சேர்ந்தது என்று தெரியாத துண்டுகளை சிஎச்கே என்ற பெயரில் ஒதுக்கி வைக்கும். அவற்றை நோட்பேடில் ஒவ்வொன்றாகத் திறந்து, குப்பை எழுத்துகளுக்கு நடுவில் ஒரு கடைப் பெயரும் ஒரு தொகையும் அகப்பட்டால் எழுதிக்கொள்வோம். அது பொறுமை கேட்கும் வேலை. எனக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும். 2001-ல் எக்ஸ்பி வந்ததும், அதோடு என்டிஎஃப்எஸ் முறை வீடுகளுக்கு வந்ததும் பெரிய மாற்றம். டிஸ்கின் அமைப்பில் ஒரு மாற்றம் செய்யுமுன் என்ன செய்யப்போகிறோம் என்பதை அது முதலில் குறித்துவைத்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் குறிப்பைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். 2012-ல் கிராமங்களில் பாதி நாள் கரண்ட் இல்லாதபோது யுபிஎஸ் பேட்டரிகள் செத்தன, எஸ்எம்பிஎஸ்கள் கருகின. ஓ.எஸ். பெரும்பாலும் தாங்கிக்கொண்டது.

எல்லாப் பழுதும் ஓ.எஸ். பழுது அல்ல. ஆத்தூர் பக்கம் சேகோ பேக்டரி ஆபீசில் மெஷின் தானாக அணைந்து எழுந்தால் வைரஸ் என்பார்கள். மூடியைக் கழற்றினால் குச்சிக்கிழங்கு மாவு பிராசசர் மேலிருக்கும் பேனை அடைத்து நிற்கும். புளோயரால் ஊதி, தெர்மல் பேஸ்ட் புதிதாகப் பூசினால் போதும். சேலத்து டிடிபி கடைகளில் கதை வேறு. அங்கே பார்மட் அடித்துவிட்டு வானவில் எழுத்துருவைத் திரும்பப் போடாமல் வந்துவிட்டால், அடுத்த நாள் கல்யாணப் பத்திரிகை திரையில் தாறுமாறான ஆங்கில எழுத்துகளாக நிற்கும். அரசு 2010-ல் யூனிகோடை ஏற்ற பிறகும் அந்தக் கடைகளில் பழைய எழுத்துரு நெடுநாள் ஓடியது.

2011 செப்டம்பர் 15-ல் அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அதில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பாஸ் லினக்ஸ் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவானது. பிள்ளைகள் லேப்டாப்பை வாங்கிய கையோடு கொண்டுவந்து, "அண்ணா, அந்த லினக்ஸை எடுத்துடுங்கண்ணா, இடத்தை அடைக்குது" என்றார்கள். எடுக்காதே என்று நான் ஒவ்வொரு பிள்ளையிடமும் வாதாடினேன். காரணம் இருந்தது. பென் டிரைவில் வந்த ஆட்டோரன் வைரஸ் விண்டோஸை முடக்கிய நாளில், பாஸ் லினக்ஸில் எழுப்பி அதே டிஸ்கிலிருந்த மார்க் ஷீட் ஸ்கேனையும் குடும்பப் படங்களையும் வெளியே எடுத்துவிடலாம். விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் அங்கே ஓடாது. வாதத்தில் பெரும்பாலும் பிள்ளைகள்தான் ஜெயித்தார்கள்.

இன்றைக்கு வரும் லேப்டாப்பில் துடைக்க வேண்டியது ஏதுமில்லை. ஓ.எஸ். தானே அப்டேட் செய்கிறது, பழுதானால் தானே பழைய நிலைக்குத் திரும்புகிறது. டிஸ்க்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் மதர்போர்டு மாற்றிய பிறகு ஒரு நீலத் திரை 48 இலக்கச் சாவியைக் கேட்கிறது. பிட்லாக்கர் டிஸ்க் முழுவதையும் மறையாக்கி, சாவியை அந்தப் பழைய போர்டிலிருந்த டிபிஎம் சிப்போடு கட்டியிருந்தது. 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் நுழைந்தால், பெரும்பாலான மெஷின்களில் இந்தப் பூட்டு தானாகவே விழுகிறது. சாவியின் நகல் அந்த அக்கவுண்டில் இருக்கும். அக்கவுண்டைத் திறந்து கொடுத்தது யார் என்று கேட்டால், "பையனுங்க. அவன் இப்போ வெளிநாட்டுல. அந்தப் போன் நம்பரும் மாத்திப்போட்டான்" என்கிறார் பெரியவர்.

லேப்டாப்பைத் திருடியவன் படிக்க முடியாதபடி வைத்த காவல் அது. அவசியமான காவல்தான், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சிஎச்கே துண்டுகளில் தேடினால் ஒரு கடைப் பெயராவது கிடைத்தது. இங்கே சாவி இல்லாமல் ஒரு எழுத்துகூடக் கிடைக்காது. என் கையில் இருக்கும் எந்தத் திறமைக்கும் இதில் வேலையில்லை. அதனால் இப்போதெல்லாம் லேப்டாப்பைத் திறக்குமுன்பே, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சாவியைக் காகிதத்தில் அச்சடித்துக் கணக்கு நோட்டில் ஒட்டச் சொல்கிறேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் நின்றது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ கேட்கிறது. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் ஆபீஸ்களிலும் லாரி புக்கிங் ஆபீஸ்களிலும் ஒரு பழுதும் இல்லாமல் ஓடும் மெஷின்கள் இதில் தேறவில்லை. பிரவுசரும் பிரிண்டரும் போதும் என்கிறவர்களுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக்கொடுக்கிறேன். இடத்தை அடைக்கிறது என்று அன்றைக்கு எடுக்கச் சொன்ன பிள்ளைகளில் சிலர், இன்றைக்குத் தங்கள் ஆபீஸ் மெஷின்களுக்கு அதையே கேட்டு வருகிறார்கள்.

டாலி ஓடும் மெஷினில் அப்படிச் செய்ய முடியாது, அது விண்டோஸில்தான் ஓடும். அதற்கு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டில் சேர்த்துவிடுகிறேன். சனிக்கிழமைதோறும் டேட்டா போல்டரை வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுக்க ஆபீஸ் பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். நகலை அங்கேயே விட்டுவிடாமல், வேறொரு மெஷினில் டாலியில் ஏற்றி, போன வாரத்து பில் ஒன்று திறக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். திறந்த பிறகுதான் ஹார்டு டிஸ்கைப் பீரோவில் வைக்க வேண்டும்.