முதுகுமூட்டையர்: ஓர் இனவரைவு

பயணம் செய்வோரை வகைப்படுத்தப் புகும் எவரும், சுற்றுலாப் பயணி என்னும் பொதுவினத்திலிருந்து முதுகுமூட்டையர் என்னும் கிளையினத்தை முதலிலேயே பிரித்துவிட வேண்டும். ஏனெனில், தம்மைச் சுற்றுலாப் பயணி என்று ஒருவர் சொல்லிவிட்டால் இவ்வினத்தார் அடையும் மனவருத்தம் சொல்லுந்தரமன்று. உடைமை அனைத்தையும் ஒரே பையில் திணித்துச் சுமந்துகொண்டு, குறைந்த செலவில் நெடுநாள் ஊர்சுற்றும் 'பேக்பேக்கர்' என்பவரையே இச்சொல் குறிக்கிறது. முதுகிலுள்ள பெரும்பையின் பாரத்தை ஈடுகட்ட மார்பிலும் ஒரு சிறுபை தொங்குவதால், அவர் வருகிறாரா போகிறாரா என்பதைத் தூரத்திலிருந்து அறுதியிட்டுக் கூற இயலாது.

இவ்வினம் மிகுதியாகக் காணப்படும் இடம், தாய்லாந்துத் தலைநகர் பாங்காக்கின் பாங்லம்பூ பகுதியிலுள்ள கவ்சான் தெரு. ஐந்தாம் இராமர் என்னும் சுலாலங்கோர்ன் மன்னர் காலத்தில், 1892இல் அமைந்த இத்தெருவின் நீளம் ஏறத்தாழ 400 மீட்டர்தான். 'கவ்சான்' என்றால் தீட்டிய அரிசி. அரிசி வாணிகம் நடந்த இடமாதலால், நம் வழக்கில் இதை அரிசிக்காரத் தெரு என்று கூசாமல் சொல்லலாம். 1980களில் மலிவு விடுதிகள் இங்கே முளைக்கத் தொடங்கியபின் அரிசி போய் அறை வந்தது. தீவுகளுக்கோ லாவோசுக்கோ போகும் வழியில் ஓரிரவோ ஈரிரவோ மட்டும் தங்கிச்செல்லும் முதுகுமூட்டையர், அந்த 400 மீட்டரை இருமுறை நடந்து முடித்ததும் 'பாங்காக்கைப் பார்த்தாயிற்று' என்று கணக்கு முடிப்பார்.

கணக்கு என்பது இவருடைய வாழ்வில் உயிர்நாடி. வானூர்தி நிலையத்திலிருந்து வாடகைக் கார் அமர்த்துவது பெரும்பாவம் என்பதால், கவ்சான் வரை 60 பாட் கட்டணத்தில் வரும் பேருந்துக்காக எத்தனை நேரமும் காத்திருப்பார். (பாட் என்பது தாய்லாந்து நாணயம்.) பன்னிரண்டு பேர் படுக்கும் கூடத்தில், மேலடுக்குக் கட்டில் கீழடுக்கைவிடச் சற்றே மலிவு என்றறிந்தால் ஏணியேறிப் படுப்பார். ஒரு கைவளைக்கு இருபது பாட் குறைக்கச் சொல்லிக் கால்மணி நேரம் வாதாடி வென்ற அதே மாலையில், உறிஞ்சுகுழல்கள் செருகிய பிளாஸ்டிக் வாளியில் ஊற்றித் தரப்படும் மதுக்கலவைக்கு, மிச்சம்பிடித்ததைப்போலப் பல மடங்கைச் செலவழிப்பார்; எனினும் வாளிக் கணக்கு அவருடைய குறிப்பேட்டில் ஏறுவதில்லை. குச்சியில் கோத்த பொரித்த தேளைத் தின்னும் துணிவு அவருக்கு இராது. அதைப் படமெடுக்க மட்டும் பத்து பாட் என்று விற்பவர் அட்டை எழுதி வைத்திருப்பதைக் கண்டு, நாடு வணிகமயமாகிவிட்டதே என்று வருந்துவார்.

இந்த வருத்தத்துக்குப் பின்னால் ஒரு கொள்கை உண்டு. பிறர் காணாத அசல் ஆசியாவைத் தாம் மட்டும் காண வேண்டும் என்பதே அது. தெருவோர வண்டியில் புளியும் முட்டையும் சேர்த்துக் கிளறித் தரும் 'பாத்தாய்' நூடுல்சை, தொன்றுதொட்டு வரும் மரபுணவு என எண்ணி இவர் மெய்ம்மறந்து உண்பார். அதைத் தேசிய உணவாகப் பரப்பியது இருபதாம் நூற்றாண்டில், பிபூன் என்னும் படைத்தலைவரின் ஆட்சி. அடுத்த வண்டியில் கிடைக்கும் வாழைப்பழ அப்பமோ இவரைப் போன்றோருக்காகவே வழிநெடுகச் சுடப்படுவது. ஆகவேதான் தென்கிழக்காசியாவில் இவர்கள் செல்லும் தடத்துக்கே 'வாழைப்பழ அப்பத் தடம்' என்ற பெயர் ஏற்பட்டது.

பாங்காக் அரண்மனைக்குச் செல்லும் வழியில் நிகழ்வது தனி ஆராய்ச்சிக்கு உரியது. இன்முகத்துடன் எதிர்ப்படும் அந்நியர் ஒருவர், அரண்மனை இன்று மூடப்பட்டிருப்பதாக இரக்கத்துடன் தெரிவித்து, இருபது பாட்டுக்கு ஊரையே சுற்றிக் காட்டும் மூன்றுசக்கர 'டுக்டுக்' வண்டியையும் அழைத்துத் தருவார். சொந்த நாட்டில் எவரையும் எளிதில் நம்பாத முதுகுமூட்டையர், உள்ளூர் மக்களின் உண்மையான அன்பைக் கண்டுகொண்ட பூரிப்பில் ஏறி அமர்வார். வண்டி நேரே இரத்தினக்கல் கடை வாசலில் போய் நிற்கும். ஓட்டுநருக்குத் தரகு அங்கே கிடைக்கும். அரண்மனை அன்று திறந்தேதான் இருந்திருக்கும்.

அப்படிச் சுற்றும் வண்டி, சிவந்த தேக்குத் தூண்கள் வானளாவ நிற்கும் பேரூஞ்சல் என்னும் சின்னத்தைக் கடந்து போகக்கூடும். அருகிலுள்ள தேவஸ்தான் என்னும் பிராமணர் கோயிலின் சடங்கில், திருவெம்பாவை ஒலிதிரிந்த நிலையில் இன்றும் ஓதப்படுகிறது. 'திரியம்பவாய்–திரிபவாய்' என்பது அச்சடங்கின் பெயர். அசல் ஆசியாவைத் தேடி வந்தவரின் கண்கள் அப்போது கைப்பேசி மின்னேற்றத்தின் அளவில் நிலைத்திருக்கும்.

தாய் மக்கள் இவரை 'ஃபராங்' என்பர். நம் 'பறங்கி'க்கு உறவான இச்சொல் வெள்ளையரைக் குறிப்பதோடு, தாய் மொழியில் கொய்யாவையும் குறிக்கும். நாம் பூசணியில் ஒரு வகையைப் பறங்கிக்காயாக்கியதற்கு அவர்கள் சளைத்தவர்கள் அல்லர். அதிலும் அழுக்குடையும் கஞ்சத்தனமும் ஒருங்கே வாய்த்தவருக்கு, சிறுகொய்யா வகையொன்றின் பெயரான 'ஃபராங் கீநோக்' என்பதைச் சூட்டியிருக்கிறார்கள். நேர்ப்பொருள் பறவையெச்சக் கொய்யா. இதைக் காதால் கேட்கும் முதுகுமூட்டையர், வாழ்த்து என்றெண்ணிக் கைகுவித்து வணங்குவதும் உண்டு.

இவர் பாங்காக்குக்கு எதையுமே தரவில்லை என்று சொல்வது மட்டும் நியாயமன்று. முழங்கால் மூடாதவர்க்கு அரண்மனையில் இடமில்லை என்பதால், வாயிலுக்கு வெளியே அவசரமாக வாங்கி மாட்டிக்கொள்ளும் தொளதொளப்பான யானைப்படக் காற்சட்டையே அவருடைய சீருடை. அதை ஃபராங்குகளின் கோமாளி வேடமாகக் கருதிவந்த தாய் இளைஞர்களே அண்மை ஆண்டுகளில் அதை அணியத் தொடங்கிவிட்டனர். 'கோராத்' எனப்படும் நக்கோன் ராச்சசீமா மாகாணம் தன் ஊர்ப் பூனையின் உருவம் பொறித்த காற்சட்டையை 2023இல் அறிமுகப்படுத்தியது. பிற மாகாணங்களும் தத்தம் சின்னங்களுடன் காற்சட்டை தைக்கின்றன.