மலைக்கேற்ற சப்பாத்து

இலங்கைத் தேயிலை மலைகளின் நடைபாதையான பெக்கோ டிரெயில் 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டம். பதுளைப் பக்கம் ஹப்புத்தளை, எல்ல என்று நடக்க வருகிறவர்கள் சப்பாத்தில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது. ஓரளவு பழகியவருக்கு வளைந்துகொடுக்கும் அடி. தேர்ந்தவருக்கு விறைப்பான அடி, கணுக்காலைப் பிடிக்கும் உயரம், நீர் புகாத உள்துணி. அட்டைக்கு நீளக் காலுறை. கார்பன் கைத்தடி இரண்டு. ஒன்று படம் எடுக்க.

லிப்டன் சீட் ஏற்றத்தில், முதுகில் கொழுந்துச் சுமையோடு ஓர் அக்கா உங்களை முந்திப் போவார். இறப்பர் செருப்பு, அறுந்த வாரில் சட்டைப்பின். பதற வேண்டாம், அவர் மலையேறவில்லை, வேலைதான் பார்க்கிறார். தொழில்நுட்பம் தெரியாதவர், பாவம். இந்தப் பாதையை வெட்டியவர்களின் பேத்தி என்பதைத் தவிர வேறு தகுதியும் இல்லை. உங்கள் சப்பாத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அக்கறையோடு கேட்பார்:

“காலுல ஏதும் வருத்தமா தம்பி?”