கணக்கு அண்ணன்

கோவையில் பீளமேடு, கணபதி, குறிச்சி சிட்கோ என்று எந்த மோட்டார் பம்ப் கம்பெனிக்குள் நுழைந்தாலும் அக்கவுண்ட்ஸ் அறையில் ஒரு கணக்கு அண்ணன் இருப்பார். கம்பெனியின் பாஸ்வேர்டுகளுக்கெல்லாம் அவரே தர்மகர்த்தா. முதலாளியின் மெயில், ஜிஎஸ்டி, பேங்க் லாகின் எல்லாம் தினசரி காலண்டரின் பின் அட்டையில் பென்சிலால் எழுதியிருக்கும். "பேனாவுல எழுதுனா அழிக்க முடியாதுங்க. பாதுகாப்பு முக்கியமில்லீங்களா?"

90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் சிஸ்டம் தம்பி மேல் அவருக்குக் கோபமே கிடையாது. மருதமலை1 மறுமுறை மருதமலை2 ஆகும். இப்போது 27-வது படியில் நிற்கிறார். கட்டாயப்படுத்தினால் ஜனம் இப்படித்தான் செய்யும் என்பதால், கசிந்த அறிகுறி இல்லாமல் சும்மா மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. தம்பிக்குத்தான் இன்னும் சேதி வந்து சேரவில்லை.

ஓடிபி வருவது முதலாளி போனுக்கு. அவரோ காங்கேயத்தில் கல்யாணப் பந்தியில். ஆறு எண்களையும் பாயசம் ஊற்றுபவருக்கும் கேட்கிறாற்போல் உரக்கச் சொல்வார். அண்ணன் அதே சத்தத்தில் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பார். இரண்டடுக்குப் பாதுகாப்பு என்பது இதுதான் என்று இருவருக்குமே நம்பிக்கை.

இப்படிப்பட்டவருக்குத்தான், வார்ப்படம் சப்ளை செய்பவர் பெயரில், 'எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது' என்று மெயில் வரும். முகவரியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். காசு கொடுத்து வாங்கிய வடிகட்டி சாஃப்ட்வேர் அதை உள்ளே விட்டிருக்கும். கூகிளும் ஃபேஸ்புக்குமே லித்துவேனியாக்காரர் ஒருவரின் போலி பில்களுக்கு 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்து ஏமாந்தவை.

அண்ணன் ஏமாறமாட்டார். தொழில்நுட்பக் காரணம் ஒன்றுமில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் பேங்கை மாற்றியது மரியாதைக் குறைவு, அவ்வளவுதான். பழைய டைரியில் நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிடுவார்.

"ஏனுங் மச்சான், பேங்க மாத்தீட்டீங்களாமா? நம்மகிட்டச் சொல்லோணுமில்லீங்களா?"

"எந்தப் பேங்குங்க?"

பல லட்சம் தப்பியது. இதைக் கேள்விப்பட்ட தம்பி, இனி கணக்கு மாறினால் பழைய நம்பருக்கு போன் போட்டே ஆகவேண்டும் என்று விதி போட்டார். அவர் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பேசியதற்கு அத்தாட்சியாக ஒவ்வொரு முறையும் படிவத்தில் கையெழுத்து வேண்டுமென்று நூறு தாள் கட்டு ஒன்றையும் கொடுத்தார்.

அண்ணன் அன்று சாயங்காலமே நூறிலும் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டார்.