பேட் வைத்திருப்பவரே கேப்டன்

லண்டனில் உட்கார்ந்து எம்.சி.சி. கிரிக்கெட் விதி எழுதுகிறது. சேலம், நாமக்கல் பக்கம் அது செல்லாது. குச்சிக்கிழங்குக் காட்டில் பந்து விழுந்தால் ரெண்டு ரன். கிணற்றில் விழுந்தால் அவுட். அடித்தவரே இறங்கி எடுக்கணும். முதல் பந்து ‘ட்ரையல்’, அதாவது ஸ்டம்ப் பறந்தால் மட்டும். அம்பயர், பேட்டிங் அணியில் சும்மா இருக்கும் ஆள்தான்; எல்.பி.டபிள்யூ. அப்பீல் அவர் காதில் விழாது. பேட்டின் சொந்தக்காரர் அவுட்டானால் ஆட்டமே முடிந்தது.

இந்தச் சட்டத்தில் டென்னிஸ் பந்து வீசித் தேறியவர்தான் சின்னப்பம்பட்டி நடராஜன். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்காக ஒருநாள், டி20. 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட். அவருக்கு யார்க்கர் எப்படி வாய்த்தது என்று வர்ணனையாளர்கள் வியந்தார்கள். டென்னிஸ் பந்தைக் கொஞ்சம் குட்டையாகப் போட்டால் அடுத்த ஊரில் போய்ப் பொறுக்கணும். காலடியில் குத்தாமல் வேறென்ன செய்வது?

திரும்பி வந்தவரைச் சாரட்டில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். 2023-இல் சொந்த ஊரிலேயே மைதானம் கட்டினார். திறந்துவைத்தவர் தினேஷ் கார்த்திக். அங்கே போகிற தம்பிகளே, முதல் பந்திலேயே போல்டானால் மரியாதையாக வெளியே வந்துவிடுங்கள். ‘ட்ரையல்’ கேட்காதீர்கள்.