கையெழுத்துப் போட்ட தொரைமாரின் கதை

1947 தேர்தலில் பதுளை ஒரு தப்பு செய்தது: எஸ்.எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிவிட்டது. இலங்கை இந்தியன் காங்கிரஸில் இப்படி ஏழு பேர் கொழும்புக்குப் போய் உட்கார்ந்தார்கள். பிரதமர் டி.எஸ். சேனாநாயக்காவுக்கு வயிற்றைக் கலக்கியது. எம்.பி.மாரை விரட்டுவது கஷ்டம். ஓட்டுப் போட்டவனே இந்த நாட்டுக்காரன் இல்லை என்றால் வேலை சுலபம். பிறந்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம்.

தடுக்க ஆளில்லாமல் இல்லை. அன்று மகாதேசாதிபதி ஹென்றி மொங்க்-மேசன் மூர் கையெழுத்துப் போட்டால்தான் சட்டமூலம் சட்டமாகும். மறுக்கவும் சோல்பரி யாப்பில் இடமிருந்தது. ஆனால் மகாதேசாதிபதி என்பவர் பெரிய கிளாக்கர் நீட்டும் துண்டில் மூக்குக் கண்ணாடியைக்கூடப் போடாமல் கையெழுத்து வைக்கும் தொரை மாதிரி. பிரதமர் நீட்டினார், அவர் வைத்தார். நவம்பர் 15இல் சட்டம் அமுலுக்கு வந்தது; இந்திய வம்சாவளியினரான நம் சனம் நாடற்றதானது. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் செய்யக்கூடாது என்ற அதே யாப்பின் 29ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு நம்மவர்கள் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். இது பிரஜாவுரிமை விஷயம், சமூக விஷயமல்ல என்று 1953இல் அங்கேயும் கைவிரித்துவிட்டார்கள்.

அப்புறம் 1978இல் புதிய யாப்போடு ஜனாதிபதியாக ஜே.ஆர். வந்தார், சகல அதிகாரமும் தமக்கே என்று. ஆனால் அமெரிக்காவைப் பாருங்கள்: அங்கே ஜனாதிபதி வேண்டாமென்றால் சட்டமூலம் திரும்பிப் போகும்; இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால்தான் பிழைக்கும். அமெரிக்கக் காங்கிரஸ் கலைந்துபோன நேரமாகப் பார்த்துப் பத்து நாள் பாக்கெட்டில் வைத்திருந்தாலே செத்துப்போகும். நம்ம ஜனாதிபதிக்கோ அந்த வீட்டோவே கிடையாது! சபாநாயகர் சான்றுரை எழுதினால் சட்டம், அவ்வளவுதான். ஜே.ஆருக்கு அது எதற்கு? 1982இல் தம் கட்சி எம்.பி.மாரிடம் திகதி போடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கிவைத்துக்கொண்டார். அங்கே சட்டமூலம் பாக்கெட்டில், இங்கே எம்.பி.மாரே பாக்கெட்டில்.

ஜனாதிபதிக்கு வீட்டோ இல்லாத அந்த ஓட்டை 2003இல் நமக்கு உதவியது. ஒக்டோபர் 7இல் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டமூலம் ஏகமனதாக நிறைவேறியது. நவம்பர் 4இல் பிரதமர் ரணில் வாஷிங்டனில் இருக்க, ஜனாதிபதி சந்திரிகா மூன்று அமைச்சுக்களைப் பறித்துப் பாராளுமன்றத்தையும் ஒத்திவைத்தார். இந்தச் சட்டமூலத்தோடு அவருக்குக் கோபம் ஒன்றுமில்லை, உண்மைதான். ஆனாலும் அந்த அமளியில் அது அவர் மேசைக்குப் போகவேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! போகவேண்டியிருக்கவில்லை. நவம்பர் 11இல் சபாநாயகர் ஜோசப் மைக்கல் பெரேரா சான்றுரைத்தார். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த, நாடற்றவராய்க் கிடந்தவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகுட்டிகளுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது, 55 வருஷம் கழித்து.